மெதுவாக வாசித்த பாட்டு

தெரிந்த பாட்டை வேறு மாதிரி கேட்பதில் எனக்கு ஒரு பைத்தியம். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டை எடுத்தால், பந்தியை விட்டு எழுந்து வந்துவிடுவேன். "உனக்கு வயிறு காதுலதான்டா இருக்கு" என்பாள் அம்மா.

போன செமஸ்டரில் நம்ம காலேஜ் பஸ் ஒரு சவ ஊர்வலத்தின் பின்னால் மாட்டிக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? பேண்டு செட்டில் 'ரோஜா' (1992) படத்தில் மின்மினி பாடிய பாட்டு. ஒரு கிராமத்துப் பெண் துள்ளலோடு தன் ஆசைகளைச் சொல்லும் பாட்டு. "சாவுக்குப் போய் இதை வாசிக்கிறானுங்களே!" என்று பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். "அந்தப் பாட்டிக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டாம்டா. மக வந்து கேட்டுச்சு. வேகத்தைப் பாதியாக் குறைச்சேன், அவ்வளவுதான். தெருவே அழுதுச்சு" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த முதல் படத்துப் பாட்டு. ஸ்டூடியோவில் பிறந்தது, தெருவில் ஒரு கிளாரினெட்டையும் இரண்டு டிரம்மையும் நம்பி நின்றது. மெட்டு அதேதான். வேகம் குறைந்ததும் ஆசையெல்லாம் விடைபெறுவது போல் ஆகிவிட்டது. கிளாரினெட்டுக்கு வார்த்தை கிடையாது. கேட்கிறவர்தான் தன் மனசிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

நண்பர்களே, அன்று வெயிலில் கிளாரினெட் வாசித்துக்கொண்டு முன்னால் போனவர் என் அப்பா. பஸ்ஸில் சொல்ல வெட்கப்பட்டேன். இந்த மலரில் சொல்லிவிட்டேன்.

- இறுதியாண்டு, இயந்திரவியல்