படகு வாங்கியவர் துறை தேடிய கதை

வட அமெரிக்காவிலே பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்குவதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட பைபர்கிளாஸ் படகுகள் எளிதில் உக்கிப் போவதில்லை. அவற்றின் சொந்தக்காரர்கள்தாம் முதுமையடைந்து விடுகிறார்கள். ஆகவே, பழைய கார் ஒன்றின் விலைக்கு, சிலவேளை அதற்கும் குறைவாக, 25 அடிப் படகு கிடைத்துவிடும். இந்த மலிவின் காரணத்தை எனது நண்பர் ஒருவர் படகை வாங்கிய பின்னரே முழுமையாக உணர்ந்தார்.

நண்பர் வல்வெட்டித்துறையைப் பிறப்பிடமாகக் கொண்டவர். எண்பதுகளில் புலம்பெயர்ந்து, ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் குடியேறியவர். அவருடைய தந்தையார் பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்தவர். மகனோ தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். ஒன்ராறியோ ஏரிக்கு மிக அண்மையிலே வாழ்ந்தும், அதன் நீரில் ஒருநாளேனும் பாய் விரித்ததில்லை என்ற குறை அவரை வாட்டிக்கொண்டிருந்தது. 2018 வசந்த காலத்தில் நான் கனடா சென்றிருந்தபோது, அவர் படகை வாங்கி இரண்டு கிழமைகள் ஆகியிருந்தன. "படகு வாங்கிப்போட்டன், கட்டுறதுக்கு ஒரு முளைதான் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பிலே கவலையும் இருந்தது.

படகு கைமாறினாலும், அது நிற்கும் இடம் கைமாறுவதில்லை. துறையில் உள்ள இடம் முன்னைய சொந்தக்காரரின் பெயரில் இருப்பது. மே மாத இறுதிக்குள் படகை அப்புறப்படுத்த வேண்டுமென்று அந்தத் துறையினர் அறிவித்துவிட்டனர். அடுத்த பத்து நாட்கள் நானும் அவருடன் கரையோரமாக அலைந்தேன். ஓய்வு பெற்றாலும் பத்திரிகைக்காரனுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் போவதில்லை அல்லவா? படகுக்கு இடம் தேடுவதன் நுணுக்கங்கள் பலவற்றை அப்போதுதான் அறிந்துகொண்டேன்.

முதலில் ஆழம். பாய்மரப் படகின் அடியில் கனத்த ஏரா உண்டு. நண்பரின் படகுக்கு அது நீருக்குள் நான்கு அடிக்கு மேல் இறங்கியது. ஒன்ராறியோ ஏரியில் கடலைப் போல வற்றுப்பெருக்கு இல்லை என்றே சொல்லலாம். ஆனால், பருவத்துக்குப் பருவம் நீர்மட்டம் மாறும். 2017 இல் நீர் உயர்ந்து ரொறன்ரோத் தீவுகளையே மூழ்கடித்தது. நீர் குறைந்த ஆண்டில் அதே துறையில் ஏரா சேற்றிலே தட்டும். அடுத்தது உயரம். துறைக்குச் செல்லும் வழியில் தாழ்வான பாலமோ மின்கம்பியோ இருந்தால் பாய்மரம் போகாது. அதன் பின் காற்று. எந்தத் திசைக் காற்றுக்கு அந்த இடம் ஒதுக்கமானது என்று பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் குளிர்காலம். பெரும்பாலான படகுகளை ஒக்ரோபர் மாதத்திலே பாரந்தூக்கியால் தூக்கிக் கரையில் தாங்கிகள்மீது நிறுத்துகிறார்கள். ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ மீண்டும் இறக்குகிறார்கள். ஆகவே ஒரு படகுக்கு இரண்டு இடங்கள் வேண்டும். கோடையில் நீரிலே ஒன்று, மாரியில் தரையிலே ஒன்று. இரண்டுக்கும் கட்டணம் வெவ்வேறு. கட்டணத்தைப் படகின் நீளத்துக்கு அடிக்கணக்கில் அறவிடுகிறார்கள். காப்புறுதிப் பத்திரமும் காட்ட வேண்டும். சில ஆண்டுகளில் இடத்துக்குக் கொடுத்த பணம் படகின் விலையைத் தாண்டிவிடும். மலிவின் இரகசியம் இதுவே.

வாடகைத் துறை ஒன்றில் காத்திருப்போர் பட்டியலைக் காட்டினார்கள். கழகம் ஒன்றில், ஏற்கெனவே அங்கத்தவர்களாக உள்ள இருவர் பரிந்துரைக்க வேண்டுமென்றனர். கரையில் இருந்து விலகி மிதவையில் கட்டலாம் என்றது இன்னோர் இடம். ஆனால், ஒவ்வொரு முறையும் சிறு தோணியில் துடுப்புப் போட்டுப் படகை அடைய நண்பரின் முழங்கால்கள் இடங்கொடா. "ஏராவில் உள்ள ஈயத்தைப் பழைய உலோகக் கடைக்கு விற்றுவிட்டு மிகுதியை உடைத்துவிடுங்கள்" என்று ஆலோசனை கூறியவரும் உண்டு. நண்பர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். வீடு சேரும்வரை காரில் அவர் பேசவில்லை.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிய வரலாறு வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். எங்கள் மாலுமிகள் செலுத்திவந்த அக்கப்பல், 1938 ஆகஸ்ட் 1 ஆம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதைக் கட்டிய ஊரிலே அக்காலத்தில் பாதுகாப்பான துறைமுகம் இல்லை. முருகைக் கற்பாருக்கு வெளியே திறந்த கடலில் நங்கூரமிட்டார்கள். வாடைக் காற்று எழுந்தால் ஒதுக்கம் தேட வேண்டும். "அப்பாவுக்குப் புயலைவிட, எங்கே கொண்டுபோய் விடுவது என்பதுதான் பெரிய யோசினை" என்று நண்பர் ஒருநாள் சொன்னார்.

பிற்காலத்தில் அந்தக் கரைக்கு வேறொரு துன்பம் வந்தது. போர்க் காலத்திலே கடல் தடைசெய்யப்பட்டதையும், மீன்பிடிக்கு நேரமும் தூரமும் வரையறுக்கப்பட்டதையும் செய்தியாக எழுதியவர்களில் நானும் ஒருவன். படகு இருந்தது, கரை இருந்தது. கடலுக்குப் போகும் உரிமை இருக்கவில்லை. இதை மனதிற் கொண்டுதான் நண்பரின் பிடிவாதத்தை நான் பார்த்தேன். பொழுதுபோக்குக்காக மட்டும் அவர் இடம் தேடவில்லை.

மே மாதம் முடிவதற்கு நான்கு நாட்கள் இருக்கையில், ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் உள்ள சிறிய கழகம் ஒன்று இடம் கொடுத்தது. அங்கே கட்டணம் குறைவு, வேலை அதிகம். அங்கத்தவர்களே மேடைகளைப் பழுதுபார்க்க வேண்டும், இரவுக் காவல் இருக்க வேண்டும், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் படகுகளை இறக்க ஏற்ற உதவ வேண்டும். விசாரணைக்குச் சென்றபோது, பொறுப்பாளரான முதியவர் அறுந்த கயிறு ஒன்றை வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தார். நண்பர் அதை வாங்கி, இழைகளைப் பிரித்து, சில நிமிடங்களில் பின்னிக் கொடுத்தார். சிறுவயதிலே தந்தையார் பழக்கிய வேலை அது. முதியவர் அதை இழுத்துப் பார்த்துவிட்டு விண்ணப்பப் படிவத்தை எடுத்தார்.

கிடைத்தது வெளி வரிசையில் காற்றுப்படும் இடம். முதல் ஆண்டில் அதுதான் கிடைக்கும் என்றார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே வரலாமாம்.

படகு வாங்க எண்ணும் அன்பர்கள் முதலில் இடத்தை உறுதிசெய்யுங்கள். ஏராவின் ஆழத்தையும் மாரிகால இடத்தையும் கேட்டறியுங்கள். அதன் பின்னரே படகின் விலையைப் பேசுங்கள். நண்பர் எல்லோருக்கும் சொல்லிவரும் அறிவுரை இது. அவர் இப்போது அந்தக் கழகத்தில் புதியவர்களுக்குக் கயிறு பின்னக் கற்றுக்கொடுக்கிறார். படகு இன்னமும் வெளி வரிசையில்தான் நிற்கிறது. உள்ளே இடம் வந்தபோது, தன்னைவிட வயது கூடிய ஒருவருக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சென்ற ஆண்டு தொலைபேசியில் சொன்னார்.