ஆடின காலும் அக்கவுன்ட் நோட்டும்

"என்ன சார், தை தை எல்லாம் விட்டாச்சா?" என்று ஆபீஸில் கேஷியர் கேட்கும்போதெல்லாம் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவைப்பேன். விட்டாச்சு. பன்னிரண்டு வயதில் கட்டிய சலங்கையை இருபத்தொன்பதில் கழற்றினேன். ஆண்பிள்ளை பரதம் ஆடுவதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஜோக்குகள் எல்லாம் எனக்கும் தெரியும். பாதி என் காதுபடவே சொல்லப்பட்டவை.

ஒரு டிசம்பர் சாயங்காலம். வர்ணத்தில் தீர்மானம் முடித்து, குதித்து, அரைமண்டியில் உட்கார்ந்தேன். வலது முழங்காலுக்குள் 'டப்'. எனக்கு மட்டும்தான் கேட்டது. மிருதங்கக்காரர் பாவம், வாசித்துக்கொண்டே இருந்தார்.

"லிகமென்ட் கிழிஞ்சிருக்கு. எந்தத் தரையில ஆடினீங்க?" என்றார் டாக்டர்.

சிமென்ட் தரை, மேலே ஒரு கார்ப்பெட். அவர் தலையில் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி.

மூன்று மாதம் கட்டிலில் கிடந்தபோது ஒரே யோசனை. மேடை மரமா, சிமென்ட்டா என்று முடிவு செய்தது யார்? நிச்சயம் ஆடுகிறவர் இல்லை. கமிட்டியில் யாரோ ஒருவர். கெட்டவராக இருக்க மாட்டார். அவருக்கு முழங்கால் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்படித்தான் ஆர்ட்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் படிக்கச் சேர்ந்தேன். 'கலை நிர்வாகம்' என்றால் ஏதோ கோயில் தர்மகர்த்தா உத்தியோகம் மாதிரி இருக்கிறது! வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கம்ப்யூட்டர் வழியாக நடத்துகிற வகுப்பு. நம்மூர் நேரம் ராத்திரி ஒன்பதரை. "ஆடறதுக்குப் படிச்சே, சரி. ஆட வைக்கறதுக்குக்கூடப் படிப்பாடா?" என்றாள் அம்மா.

முதல் பாடமே வயிற்றைக் கலக்கியது. பாமோல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் 1966-ல் எழுதிய புத்தகம். மெஷின் வந்தால் தொழிற்சாலையில் பத்துப் பேர் வேலையை இரண்டு பேர் செய்யலாம். ஆனால், நாலு பேர் வாசிக்க பீத்தோவன் எழுதியதை இன்றைக்கும் நாலு பேர்தான் வாசிக்கணும், அதே நேரம் வாசிக்கணும். ஊரில் சம்பளம் ஏறினால் இவர்களுக்கும் ஏற்றித்தான் ஆகணும். டிக்கெட் வசூல் அந்த வேகத்துக்கு ஓடிவராது. விழுகிற துண்டை யாராவது தாங்கியாக வேண்டும்.

நடுராத்திரியில் நம் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தஞ்சை நால்வர் காலத்திலும் வர்ணத்துக்கு நட்டுவனார் வேண்டும், பாட்டு வேண்டும், மிருதங்கம் வேண்டும். இன்றைக்கும் வேண்டும். முக்கால் மணி வர்ணத்தை ஐந்து நிமிஷத்தில் முடிக்க எந்த மெஷினும் வரவில்லை (வந்தால் சில ரசிகர்கள் சந்தோஷப்படுவார்கள்). அப்போது துண்டைத் தாங்கியது அரண்மனை. என் விஷயத்தில் அப்பாவின் பி.எஃப். கடன். சபா தந்தது ஒரு பொன்னாடை, ஒரு கவர். கவரில் இருந்தது மேக்கப்காரருக்கே போதவில்லை.

ஆடின ஆள் நிர்வாகத்துக்கு வந்தால் என்ன ஆகும்? நம்மூரிலேயே ஒருவர் இருந்திருக்கிறார். வக்கீல் இ.கிருஷ்ணய்யர். ஊர் முகம் சுளித்த சதிரைத் தானே கற்று, பெண் வேஷம் கட்டி ஆடியவர். மியூசிக் அகாடமியின் செயலாளராகி, 1931-ல் கல்யாணி அம்மாளின் பெண்களை அங்கே ஆட வைத்தார். 1933-ல் அதே அகாடமியில் சதிர் பார்த்த ருக்மிணி தேவி, தானும் கற்று 1935-ல் ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது.

நானும் கிளம்பினேன், குட்டி கிருஷ்ணய்யராக! பயிற்சிக்காக ஒரு சபாவில் கணக்குப் பார்க்கிறேன். டிசம்பர் பட்ஜெட் போட்டபோது செக்ரட்டரியிடம் வாதாடினேன். "சார், சின்னப் பசங்களுக்குப் பக்கவாத்தியச் செலவையாவது சபா கொடுக்கணும்."

மனுஷர் கோபப்படவில்லை. "தாராளமா. ஆனா, பத்து புரோகிராம் ஏழாயிடும். எந்த மூணை அடிக்கறது? நீயே அடிச்சுக் குடுப்பா" என்று பென்சிலை நீட்டினார்.

பட்டியலில் எட்டாவது பெயர், என் குருநாதரின் இப்போதைய சிஷ்யன். பதினேழு வயசு. மூன்று பேரை அடித்தேன், அவனையும் சேர்த்து.

மறுநாள் அவன் அப்பா போன் செய்தார். "பணம் நாங்களே போட்டுக்கறோம் சார். சான்ஸ் மட்டும் குடுங்க."

எங்கப்பா பேசுகிற மாதிரியே இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். குருநாதர் வீட்டுப் பக்கம் இன்னும் போகவில்லை.