கண் பேனலில், விமானம் வானில்

டெல்லி கோல் மார்க்கெட்டில் என் வீட்டுக்கு விமானப் பாடம் கேட்க வரும் பலர், விமானத்தில் ஏறும் முன்பே கணினியில் பறந்து பழகியவர்கள். சில கிலோமீட்டர் தள்ளியுள்ள சஃப்தர்ஜங் ஓடுதளத்தில் முன்பு டெல்லி ஃப்ளையிங் கிளப் விமானங்கள் ஏறி இறங்கும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பாதுகாப்பு கருதி அது நின்றது. இப்போது பறக்க டெல்லிக்கு வெளியே போக வேண்டும். திரை வீட்டிலேயே இருக்கிறது.

"சார், வீட்ல எத்தனையோ லேண்டிங் போட்டிருக்கேன்" என்பான் பையன். செஸ்னா 172-இன் சுவிட்சுகளும் செக்லிஸ்ட்டும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஏறியதும் கண் பேனலை விட்டு நகராது. திரையில் எண்தான் எல்லாம். வானிலோ, மூக்கைத் தொடுவானத்தோடு ஒப்பிட்டு நிறுத்தி, ட்ரிம் செய்த (பிடியின் அழுத்தத்தைச் சமன் செய்த) பிறகுதான் கருவியை ஒரு பார்வை பார்க்க வேண்டும். அதனால் வேகமானியைக் காகிதத்தால் மறைத்துவிடுவேன். கால்களும் தூங்கும்: முழு சக்தியில் ஏறும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரடர் பெடலை மிதிக்க வேண்டும். பெடலே இல்லாமல் பழகியவனுக்கு அது புதுச் செய்தி.

மேகத்துக்குள் நிலைமை தலைகீழ். மெதுவான, சீரான திருப்பம் நீடித்தால் உள்காதின் திரவம் அடங்கிவிடும். நேராகப் போவதாகவே உடல் சொல்லும். நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். அங்கே கருவியை நம்பியாக வேண்டும். 1929-இல் எட்வின் லிங்க் செய்த பயிற்சிப் பெட்டியை 1934-இல் அமெரிக்க ராணுவம் வாங்கியதும் இதற்காகத்தான்: மோசமான வானிலையில் தபால் சுமந்த விமானிகள் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். ஐஎல்எஸ் (கருவி வழித் தரையிறக்க) அணுகுமுறை பிசகினால் இன்றைய சிமுலேட்டரை அப்படியே உறைய வைத்து, எங்கே தவறியது என்று காட்டலாம். புறப்பட்டவுடன் எஞ்சின் நிற்பதை ஒரே மணி நேரத்தில் பலமுறை பழக்கலாம். நிஜத்தில் அந்த உயரத்தில் அதைச் செய்து காட்ட எந்தப் பயிற்சியாளரும் துணியமாட்டார்.

எனவே சிமுலேட்டர் நல்லதா கெட்டதா என்று நான் வாதாடுவதில்லை. எப்போது என்றுதான் கேட்பேன். தனியாகப் பறக்கும்வரை வீட்டுத் திரையில் செக்லிஸ்ட்டும் ரேடியோ பேச்சும் போதும். லேண்டிங் வேண்டாம், தரை மேலெழுந்து வருவதை ஓரக்கண்ணால் உணரும் பழக்கத்தைச் சிறு திரை தராது. தொடுவானம் மனதில் பதிந்த பிறகு, அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் லாபமே.