தந்தி கற்பித்த பாடம்

படித்தல் வேறு, பொருளுணர்தல் வேறு. தமையனும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் இவ்வேறுபாட்டைச் சித்தூரில், பள்ளிப் பருவத்திலேயே அறிந்துகொண்டோம். அதற்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது. நெடுங்காலம் வெளியில் சொல்லாதிருந்த அச்செய்தியை இம்மலரில் எழுதத் தூண்டியவன் ஒரு சீனச் சிறுவன்.

முதுமையில் மக்களோடு வந்து வாழும் இவ்வயல்நாட்டு நகரில், எங்கள் அண்டை வீட்டிற்குச் சென்ற ஆண்டு ஒரு சீனக் குடும்பம் குடிவந்தது. அவ்வீட்டுப் பையன் தன் நாட்டில் நடுநிலைப் பள்ளியில் பயின்றவன். தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்க வேண்டுமென 2001-ஆம் ஆண்டில் நெறி வகுத்த நாடு அது. நடுநிலைப் பள்ளி முடிவில் எழுதும் பெருந்தேர்வில், ஒரு பத்தியைக் கொடுத்து அதன்கீழ் வினாக்களைத் தொடுப்பது ஆங்கிலத் தாளின் முக்கியமான பகுதியாம். பையன் அத்தகைய பயிற்சி நூல் ஒன்றுடன் எங்களிடம் வந்தான்.

அவன் பத்தியைப் படிக்கவில்லை. முதலில் வினாவைப் பார்த்தான். அதிலுள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்தான். அச்சொல் கிடந்த வரியோடு எந்த விடை ஒத்திருக்கிறதோ, அதைக் குறித்தான். ஐந்துக்கு நான்கு சரியாயின. "இதில் என்னதான் சொல்லியிருக்கிறது?" என்று கேட்டோம். "தெரியாது" என்று சொல்லிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். ஆயினும் எங்கள் நெஞ்சம் அக்கணமே சித்தூருக்கு ஓடிவிட்டது.

சித்தூரில் பிறந்த தமிழ்க் குழந்தைக்கு மூன்று மொழிகள். வீட்டிலே தமிழ், வீதியிலே தெலுங்கு, தேர்விலே ஆங்கிலம். 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூர் அங்கேயே நின்றுவிட்டது. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் பலமுறை மாறின. வீட்டுப் பேச்சு மாறவில்லை.

எங்கள் தந்தையார் திருப்பதியில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கெழுதி வந்தார்; சனிக்கிழமை இரவில்தான் வீடு வருவார். தாயார் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் அறியார். நாங்கள் ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தமிழ்வழியில் படித்துக்கொண்டிருந்தோம். ஆங்கிலச் சொற்களின் தலைமேல் அவற்றின் ஒலியைத் தமிழெழுத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். தேர்வில் முன்பின் காணாத பத்தி வந்தால் சிறிதும் அஞ்சமாட்டோம். அண்டை வீட்டுச் சீனச் சிறுவன் செய்த அதே வித்தையைச் செய்து முழு மதிப்பெண் வாங்கிவிடுவோம். தெருவில் எங்களுக்கு 'இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள்' என்ற பெயர் வேறு.

1964-ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் வீட்டிற்குத் தந்தி வந்தது. தந்தி என்றாலே குலைநடுங்கும் காலம் அது. தாயார் கைகள் நடுங்க அதை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு வக்கீல் வீட்டிற்குப் புறப்பட்டார். "நாங்கள் இருக்கும்போது வக்கீல் எதற்கு?" என்று வழிமறித்து வாங்கிக்கொண்டோம். போளூருக்கு அருகில் சிற்றூரிலிருந்த தாய்மாமன் அனுப்பியது. நான்கே சொற்கள். 'ஃபாதர் சிங்கிங் ஸ்டார்ட் இம்மீடியட்லி.'

எங்களுக்கு ஒரு சொல்லும் கடினமாகத் தோன்றவில்லை. 'சிங்கிங்' என்றால் பாடுதல். பாடநூலில் பறவை பாடிய பத்தியில் அச்சொல்லைப் படித்திருந்தோம். தாத்தாவோ ஊர்ப் பஜனைக் கூட்டத்தின் தலைவர். மாதமோ மார்கழி. "தாத்தா பாடுகிறாராம், உடனே புறப்பட்டு வரச் சொல்கிறார்கள்" என்று குதித்தோம்.

தாயார் சற்று நேரம் எங்கள் முகத்தையே பார்த்தார். "பாட்டுக்காடா தந்தி குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"இங்கிலீஷில் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்றோம். அவர் அதற்குமேல் பேசவில்லை. சனிக்கிழமை அப்பா வந்ததும் எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று முடிவாயிற்று.

சனி இரவு தந்தையார் அத்தாளை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். அப்படியே திண்ணையில் அமர்ந்துவிட்டார். அங்கே எழுதியிருந்தது பாடுதலைக் குறிக்கும் சொல்லன்று. மூழ்குதலைக் குறிக்கும் சொல். தந்தி மொழியில் அதற்கு, உயிர் பிரியும் தறுவாயில் இருக்கிறார் என்பது பொருள். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. தமிழில் எழுதிப் பார்த்தால் அவ்வேறுபாடும் இல்லை. இரண்டும் 'சிங்கிங்' தான்.

அன்றிரவே சிற்றிருப்புப் பாதை வண்டியேறிக் காட்பாடி, வேலூர் வழியாகப் போளூர் சென்றோம். தாத்தா வெள்ளிக்கிழமை மாலையில் காலமாகி, மறுநாளே எல்லாம் முடிந்திருந்தது. வியாழனன்றே புறப்பட்டிருந்தால் தாயார் தம் தந்தையின் முகத்தைக் கண்டிருப்பார். கடைசியாக மகளின் பெயரைச் சொல்லி வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாமா சொன்னபோது நாங்கள் கூடத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

தாயார் எங்களை அடிக்கவில்லை. ஒரு சொல் ஏசவுமில்லை. திரும்பும் வழியில் தந்தையாரிடம் சொன்னது மட்டும் எங்கள் செவியில் விழுந்தது. "எனக்கு அப்பவே மனசுல பட்டுதுங்க. இங்கிலீஷ் தெரியாதவளுக்கு என்ன தெரியும்னு நானே என் வாயை அடைச்சுக்கிட்டேன்."

பள்ளி திரும்பியதும் எங்கள் ஆங்கில ஆசிரியருக்குச் செய்தி எட்டியது. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையில் தமிழிலேயே ஒரு வரி எழுதினார்: 'கோரணன் துமியிலே சலவித்தான்.' "கோரணன் எங்கே சலவித்தான்?" என்று கேட்டார். "துமியிலே!" என்று வகுப்பே முழங்கியது. "சலவித்தது யார்?" "கோரணன்!" "நூற்றுக்கு நூறு. இப்போது சொல்லுங்கள், கோரணன் என்னதான் செய்தான்?" வகுப்பில் பேச்சில்லை. அன்று முதல் எந்தப் பத்தியானாலும் மூன்று வினாக்களை முதலில் கேட்கச் செய்தார். இதைச் சொல்பவர் யார்? யாருக்குச் சொல்கிறார்? எதற்காகச் சொல்கிறார்?

விடுமுறையில் தந்தையாரிடம் திருப்பதிக்குச் செல்லும்போது இம்மூன்று வினாக்களும் எங்களுடன் வந்தன. தமிழகத்து அடியார்கள் திரள்திரளாக வரும் ஊர் அது. தெலுங்கும் ஆங்கிலமும் அறியாதோர் அறிவிப்புப் பலகைமுன் திகைத்து நிற்பர். நாங்கள் படித்துப் பொருள் சொல்வோம். ஐயம் தோன்றினால் ஊகித்துரைக்காமல் அருகிலுள்ளோரைக் கேட்டுவந்து சொல்வோம். தெரியாது என்று சொல்லும் துணிவு எங்களுக்கு அங்கேதான் வந்தது.

பிற்காலத்தில் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயரைப் பற்றி அறிந்தோம். 1920-களில் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியிலிருந்த அவர், வங்கச் சிறுவர்க்கு ஆங்கிலத்தில் பேச்சைவிடப் படிப்பே முதல் தேவை என வாதிட்டு, அளந்தெடுத்த சொற்களால் பாடநூல்கள் ஆக்கினார். 1953-இல் வெளிவந்த அவரது பொதுச்சொற் பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் உள்ளன. பெரும்பணி அது. ஆயினும் சொல்லறிவு கதவு வரையில்தான் கொண்டுபோய்விடும். உள்ளே செல்வதற்கு, இவ்வுரை ஏன் பிறந்தது என்னும் நினைவு வேண்டும். எழுத்து மிகுதியாக அறியாத எங்கள் தாயாரிடம் அந்நினைவு இருந்தது. முழு மதிப்பெண் வாங்கிய எங்களிடம் இல்லை.

சீனச் சிறுவனிடம் அம்மூன்று வினாக்களையும் சொன்னோம். முதலில் சலித்துக்கொண்டான். பிறகு ஒரு பத்தியை முதல் வரியிலிருந்து மெல்லப் படித்தான். முதியவர் ஒருவர் தம் பேரனுக்கு எழுதிய கடிதம் அது. படித்து முடித்ததும், "இவர் தனியாக இருக்கிறார்போலும்" என்றான். அப்படி ஒரு வினா அந்நூலில் கேட்கப்படவே இல்லை.

அயலகத்தில் வாழும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நம்மினும் வல்லவர்கள்; மகிழ்ச்சியே. இந்தியாவில் தந்திச் சேவையும் 2013 சூலையோடு முடிந்தது. ஆனால் ஊரிலிருந்து தொலைபேசித் திரையில் வரும் இரண்டு வரிகளுக்கும் சொல்பவரும் நோக்கமும் உண்டு. "உடம்பு பரவாயில்லை, வேலையைப் பாருங்கள்" என்று ஒரு முதியவர் எழுதினால், அதன் பொருளை நம் பிள்ளைகள் அறிவார்களா? அவர்களுக்குப் பயிற்சி நூல் வாங்கிக் கொடுப்பதோடு, வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்கும் எளிய கேள்விக்கும் செவிகொடுக்கப் பழக்குவோம். "பாட்டுக்காடா தந்தி குடுப்பாங்க?" என்ற கேள்வியை அன்று நாங்கள் ஒரு நொடி எண்ணிப் பார்த்திருக்கலாம்.