பாதையின் உரிமை

காவல் நிலைய ஏட்டிலே 'சிறு குற்ற வழக்கு' என்று எழுதப்படுவதை நம் மக்கள் 'பெட்டி கேஸ்' என்று வழங்குகின்றனர். ஆங்கிலச் சொல் தமிழ் நாவிலே பெட்டியாகிவிட்டது. வழியை அடைத்து வண்டி நிறுத்துதல், குடித்துவிட்டுத் தெருவில் கலகம் செய்தல், பொது இடத்தில் ஆபாச வசை பொழிதல், நள்ளிரவில் ஒலிபெருக்கி முழக்குதல் யாவும் அப்பெட்டிக்குள் அடக்கம்.

சோளிங்கரில் ஒரு ஜும்ஆ நாளன்று, முன்னர் என்னிடம் ஓதி இப்போது ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் மனம் நொந்து கேட்டார்: "ஹஜ்ரத், தொழப் போன நேரத்தில் வண்டியைத் தெருவோரம் விட்டேன். அபராதம் போட்டுவிட்டார்கள். களவு செய்தேனா, கொலை செய்தேனா? இதுவும் ஒரு குற்றமா?"

கேட்கத்தக்க கேள்விதான். எவர் பொருளும் போகவில்லை. எவர் உடலிலும் காயமில்லை. பின் எதற்காகத் தண்டம்?

பாதைகளில் அமர்வதைத் தவிருங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, அங்கு அமர்ந்து பேசுவது தவிர்க்க இயலாதது எனத் தோழர்கள் விண்ணப்பித்தனர். அப்படியாயின் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் அண்ணலார். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்கு மறுமொழி கூறுவது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவற்றையே அவ்வுரிமை என விளக்கினார்கள். பாதைக்கும் உரிமை உண்டு என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ, தமது 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' நூலின் இறுதி அதிகாரத்தை 'ஹிஸ்பா' எனும் பொது ஒழுங்குக் கண்காணிப்புக்கே ஒதுக்கினார். பொதுவழியில் எவரேனும் கட்டடம் எழுப்பினால், வழி அகலமானதாயினும் தடுத்து இடிக்க வேண்டும். எழுப்பப்பட்டது பள்ளிவாசலேயானாலும் தீர்ப்பு அதுவே என்கிறார் அவர். வழி என்பது நடப்போரின் உடைமை என்பதே அதன் அடிப்படை. இறையில்லத்துக்கே இச்சட்டம் என்றால், தொழ வந்தவரின் வண்டி எம்மாத்திரம்!

கார்த்திகை ஞாயிறுகளில் நமது ஊருக்கு நரசிம்மர் மலையை நாடி வரும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு கடைக்காரர் இரண்டடி முன்னே நீட்டுகிறார்; அடுத்தவரும் நீட்டுகிறார். தெரு ஒற்றையடிப் பாதையாகிறது. அவ்வழியே ஆம்புலன்ஸ் ஒன்று வர நேர்ந்தால் என்னாகும்? களவு கொடுத்தவன் முறையிடுவான். ஆனால் ஆயிரம் பேருக்குப் பங்கிடப்பட்ட தொல்லைக்கு முறையிட ஒருவரும் முன்வருவதில்லை. ஆகவே அந்த ஆயிரம் பேருக்காக அரசே வாதியாக நிற்கிறது. சிறு குற்றங்களை அரசு கவனிப்பதன் காரணம் இதுதான்.

இந்த அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. மறைவானதைத் துருவுதல் கூடாது என்பதும் மாவர்தீ அவர்களின் தீர்ப்பே. உமர் (ரலி) அவர்கள் சுவரேறி ஒருவரின் தவறைக் கண்டபோது, "நான் ஒரு பிழை செய்தேன், தாங்களோ உளவு பார்த்தீர்கள், வாயில் வழி வரவில்லை, அனுமதியும் கேட்கவில்லை" என்று அவர் எடுத்துரைக்க, கலீஃபா அவரை விட்டுத் திரும்பினார்கள் என இமாம் கஸ்ஸாலி குறிப்பிடுகிறார். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவும், குடிபோதையில் பொது இடத்தில் தொல்லை தருபவனையே தண்டிக்கிறது. 24 மணி நேரச் சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை, அவ்வளவே. சிறு குற்றத்துக்குச் சிறு தண்டனை. திருத்துவதே அதன் நோக்கம்; நசுக்குவதன்று.

அவ்வளவை மறந்தால் விளைவது யாது? 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்தனர் என்று ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் பிடிக்கப்பட்டனர். சில நாட்களுக்குள் இருவரும் காவலில் இருக்கையிலேயே உயிரிழந்தனர். காவலர் ஒன்பது பேர்மீது சி.பி.ஐ. கொலைக் குற்றம் சாட்டியது. ஒழுங்கைக் காக்க வந்த கையே உயிர்களைப் பறித்ததென்றால், அதனினும் பெரிய ஒழுங்கீனம் வேறு உண்டோ?

இன்னொரு அநீதியும் உண்டு. தள்ளுவண்டிக்காரர் மீது பாயும் சட்டம், தெருவை அடைத்துப் போடப்படும் செல்வந்தர் வீட்டுத் திருமணப் பந்தலைக் கண்டு கண்மூடுகிறது. உயர்ந்தோரை விட்டுவிட்டு எளியோரையே தண்டித்ததால்தான் முன்னோர் அழிந்தனர் என்பது நபிமொழி அன்றோ?

ஆட்சியாளரைச் சொல்லும் நாம் நம்மையும் பார்ப்போமாக. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்த மதமும் விதிக்கவில்லை என்று, சென்னையில் எழுந்த ஒரு வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அது தேவாலயம் ஒன்றைப் பற்றிய வழக்கு. எனினும் நம் மீலாது மேடைக்கும் பொருந்தும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை எனக் கற்ற சமுதாயம், தானே அத்தொல்லையாகிக் கிடத்தல் தகுமா? காவலர் அபராதச் சீட்டை எடுக்குமுன், நாமே பாதைக்கு வழிவிடுவோம். வல்ல அல்லாஹ் அதற்குரிய நல்லுணர்வை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.