சேம அச்சு

மரக்காணத்துக் கடற்கரையில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. வெயில் விளைவித்த உப்பைத் தொழிலாளர் வாரிக் கரையில் குவிக்கின்றனர். அதனைச் சுமக்கும் ஊர்தி காலந்தோறும் மாறியுள்ளது. பண்டு உமணர் எருது பூட்டிய வண்டிகளில் உப்பேற்றினர். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய்ப் படகுகள் அதனைச் சுமந்தன. இன்று சிறிய டிராக்டர் டிரெய்லரை இழுக்கின்றது.

டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்தும் திறத்தை யான் பன்முறை நின்று நோக்கியுள்ளேன். அதன் பின்புறம் வலப்பக்கம் செல்ல வேண்டுமாயின், ஓட்டுநர் திருப்புவளையத்தை முதலில் இடப்பக்கம் திருப்புகிறார். டிரெய்லர் வளையத் தொடங்கியதும் வலப்பக்கம் திருப்பி அதனைத் தொடர்கிறார். மிகுதியாக வளைத்தால் டிரெய்லர் மடங்கி டிராக்டரின்மேல் மோதும். சக்கரம் விலகினால் வரப்பு உடைந்து பாத்தி பாழாகும். பின்னால் ஒருவர் நின்றிருப்பின் உயிருக்கே கேடு விளையும். ஆதலின் நல்ல ஓட்டுநர் இறங்கிச் சென்று பின்புறத்தைப் பார்த்த பின்னரே வண்டியை நகர்த்துவார்.

வடகிழக்குப் பருவமழை நெருங்குங்கால் விரைவு வேண்டும். குவித்த உப்பு நனைந்தால் பலர் உழைப்புக் கரைந்துபோம். எனினும், அவ்விரைவிலும் இறங்கிப் பார்க்கும் வழக்கத்தை அவர் கைவிடுவதில்லை.

மேடுபள்ளங்களை எண்ணி, உமணர் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதனைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகின்றார். அச்சு முறியுமுன் மாற்று அச்சைத் தேடிய அறிவும், தீங்கு நேருமுன் பின்னே நோக்கும் கண்ணும் ஓரினத்தனவே. மாணவர்காள், எவ்வினையைத் தொடங்கினும் இம்முன்னறிவை உங்கள் சேம அச்சாகக் கொள்ளுங்கள்.