காதோரம் ஒரு திருப்புளி

நண்பர் ஓய்வுபெற்றதும் பென்ஸ் வாங்கப் போகிறேன் என்றார். 2005ஆம் வருடத்து இ-கிளாஸ், பெட்ரோல், விலை 4 லட்சத்து 20 ஆயிரம். புதிய சின்ன காரின் விலைக்கு இப்படியொரு வண்டி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பணம் கொடுக்கும் முன் புதுப்பேட்டை பாயைக் கூட்டிப்போவோம் என்று சொல்லி நானும் கிளம்பினேன்.

பாய்க்கு இப்போது சொந்தப் பட்டறை இல்லை. 12 வயதில் அம்பாசடர் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனவர். பிறகு 9 வருடம் ஷார்ஜாவில் ஜெர்மன் வண்டிகளோடு வாழ்ந்தார். முதுகு வலி வந்த பிறகு பிறருக்காகப் பழைய வண்டி பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு.

காலை ஏழு மணிக்குப் பூந்தமல்லி சாலையில் அந்த பென்ஸ் நின்ற யார்டுக்குப் போனோம். பாய் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சுடுது சார். இன்னிக்கு வேணாம்."

கழுவுவதற்காக எடுத்தோம் என்றார் வண்டியை விற்றுத்தர வந்த புரோக்கர். இராத்திரி முழுக்க ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றிவிட்டால் பாதி நோய் மறைந்துவிடும் என்று வழியில் பாய் சொன்னார்.

மறுநாள் விடியும் முன்பே போய் நின்றோம். பானெட் சில்லென்று இருந்தது. கதவைத் திறந்ததும் முன்பக்கம் விர்ரென்று ஒரு சத்தம். பிரேக் பம்ப் விழித்துக்கொள்கிறது என்றார். இந்த மாடலில் 2006 வரை வந்த வண்டிகளில் மிதியை அழுத்தும் கட்டளையை மின் சிக்னல்தான் பிரேக் யூனிட்டுக்குக் கொண்டுபோகிறது. 2004இலும் 2005இலும் உலகம் முழுக்க லட்சக்கணக்கான வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது இந்த பிரேக் அமைப்புக்காகத்தான். எத்தனை முறை பிரேக் அடித்தோம் என்பதை அந்த யூனிட் எண்ணிக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் சிவப்பு எச்சரிக்கை வரும், யூனிட்டையே மாற்ற வேண்டும். வண்டிக்குத்தான் வயதாகி விலை இறங்கியிருக்கிறது, பாகங்களுக்கு இல்லை.

சாவியைத் திருப்பினார். இரண்டு மூன்று நொடி 'கரகர'வென்றது, பிறகு அடங்கியது. நண்பர் முகத்தில் நிம்மதி. பாய் பையிலிருந்து ஒரு நீளமான திருப்புளியை எடுத்தார். மரப்பிடி, பல வருடக் கைபட்டுக் கருத்துப்போனது. முனையை எஞ்சினின் முன்மூடியில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் நீட்டினார். முதலில் ஆல்டர்னேட்டரில் வைத்துக் கேட்கச் சொன்னார்: சீரான ரீங்காரம். அடுத்து முன்மூடி: மணலை மெல்லுவது போல ஒரு சத்தம். என் மண்டைக்குள்ளேயே கேட்டது.

"டைமிங் செயின் நீண்டுடுச்சு. பல் சக்கரமும் தேய்ஞ்சிருக்கு. ஒரு பல்லு தாண்டிச்சுன்னா வால்வு போய் பிஸ்டன்ல முட்டும். அப்புறம் எஞ்சினே கையில இருக்காது."

அதன்பின் அடியில் படுத்து சஸ்பென்ஷன் ரப்பர்களைப் பார்த்தார், கியரை மாற்றி மாற்றிப் போட்டு உதறுகிறதா என்று பார்த்தார். மீட்டர் 62,000 கிலோமீட்டர் காட்டியது. பிரேக் மிதியின் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. பக்கத்தில் நின்ற வேறொரு காரின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு. வெள்ளத்தில் நின்ற வண்டி. பாலிஷ் போட்டவர்கள் அவ்வளவு தூரம் பெல்ட்டை இழுத்துப் பார்க்கவில்லை.

விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் கமிஷன் வாங்குகிறார் புரோக்கர். மீட்டரைத் திருப்புவதும் சேற்றை மறைப்பதும் வியாபார சாமர்த்தியம் என்று இந்தத் தொழிலில் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு மனிதனின் ஆயுள் சேமிப்பில் கைவைப்பதற்குப் பெயர் சாமர்த்தியமா? திருட்டு. வண்டி தேறினாலும் தேறாவிட்டாலும் பாய்க்குக் கிடைப்பது 1,500 ரூபாய். தேறுகிறது என்று சொன்னால் தானும் 2,000 தருவதாகப் புரோக்கர் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். டீக்கடையில் வைத்துத்தான் பாய் இதை எங்களிடம் சொன்னார், அதுவும் நாங்கள் கேட்ட பிறகு.

நண்பர் டீ ஆறும்வரை பேசவில்லை. பிறகு, அண்ணா நகரில் ஒரு பழைய கேம்ரி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டார்.

பாய் திருப்புளியைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "வர்றேன் சார். சனிக்கிழமை ராத்திரியே சாவிய வாங்கி வச்சுக்குங்க."